கண்ணில் பெட்டி விழுகிறது, கண் மட்டும் ஷார்ப்பாக வரவில்லை: ஃபேஸ், ஐ ஆட்டோஃபோகஸை எப்படிச் சரிசெய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். முகத்தையும் கண்ணையும் கண்டறியும் வசதி ஆனில்தான் இருக்கிறது, எடுக்கும்போது சின்னப் பெட்டி கண்ணின் மேல் சரியாக வந்து உட்காருகிறது. ஆனால் கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் பல படங்களில் காது தெளிவாக இருக்கிறது, முடி தெளிவாக இருக்கிறது, கண் இல்லை. குழுப் படம் என்றால் யாரோ பின்வரிசை ஆளின் மேல் போய் ஃபோகஸ் நிற்கிறது. உள்ளரங்கில் பெட்டி வருவதும் போவதுமாக இருக்கிறது. கேமரா பழுதா, லென்ஸ் பழுதா, செட்டிங் தவறா?

பெரும்பாலும் செட்டிங், அல்லது வெளிச்சம். பழுது என்பது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. ஆனால் "மெனுவில் இதை மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்; ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்) என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உள்ளே மூன்று தனித்தனி வேலைகள். படத்தில் முகமும் கண்ணும் எங்கே என்று கண்டுபிடிப்பது ஒன்று. அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது இரண்டாவது. அளந்த தூரத்துக்கு லென்ஸை நகர்த்தி, ஷட்டர் திறக்கும் கணம் வரை அதை விடாமல் பின்தொடர்வது மூன்றாவது. நீங்கள் பார்க்கும் அந்தப் பெட்டி முதல் வேலை முடிந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. "கண் இங்கே இருக்கிறது" என்பதற்கும் "கண்ணில் ஃபோகஸ் ஆகிவிட்டது" என்பதற்கும் நிறைய தூரம். பல கேமராக்களில் வெள்ளை அல்லது சாம்பல் பெட்டி என்றால் கண்டுபிடித்துவிட்டது, பச்சை என்றால் ஃபோகஸ் ஆகிவிட்டது. கேனானில் சர்வோ மோடில், அதாவது தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் மோடில், நீலமாகத் தெரியும். உங்கள் மாடலில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பெட்டியைப் பார்த்த உடனே ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்துவதுதான் பலருக்கு நடக்கும் முதல் தவறு.

சரி, இந்த மூன்றில் எது தவறுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டுப்போன ஒரு படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் எங்காவது ஓர் இடம் நன்றாகத் தெளிவாக இருக்கிறதா? காது, தோள், சட்டைக் காலர், பின்னால் இருக்கும் சுவர், எதுவாக இருந்தாலும் சரி. அப்படி ஓர் இடம் இருந்தால் ஃபோகஸ் தவறான தூரத்தில் நின்றிருக்கிறது. எங்குமே தெளிவில்லை, எல்லாம் ஒரே திசையில் லேசாக இழுத்த மாதிரி இருக்கிறது என்றால் அது ஃபோகஸ் பிரச்சினையே இல்லை, கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவு, ஆள் மட்டும் கலங்கல் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஃபோகஸ் பின்னால் போயிருக்கலாம், இல்லை ஆள் அசைந்திருக்கலாம். கண் இமை இரட்டையாகத் தெரிந்தால் அது அசைவு. ஷட்டரை 1/500 நொடிக்கு ஏற்றி அதே படத்தை மறுபடி எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஃபோகஸ் தவறு என்று சொல்லி வரும் படங்களில் கணிசமானவை 1/60, 1/80-இல் எடுத்த அசைவுப் படங்கள்தான். லென்ஸிலோ கேமராவிலோ இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவர் தலையைத் திருப்புவதை அது ஒன்றும் செய்யாது.

ஃபோகஸ்தான் தவறு என்று உறுதியானால் அடுத்து பார்க்க வேண்டியது ஏஎஃப் மோடு. ஏஎஃப்-எஸ், கேனான்காரர்களுக்கு ஒன் ஷாட், ஒருமுறை தூரத்தைப் பிடித்துப் பூட்டிவிட்டு அதோடு நின்றுவிடும். ஏஎஃப்-சி, அதாவது சர்வோ, நீங்கள் பாதி அழுத்தியிருக்கும்வரை அளந்துகொண்டே இருக்கும். உயிருள்ள மனிதர்களுக்கு ஏறக்குறைய எப்போதும் இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.3 மீட்டர் அளவுக்கு நகர்கிறார். ஃபோகஸ் பூட்டியதற்கும் ஷட்டர் திறந்ததற்கும் இடையில் பத்தில் ஒரு நொடி போனாலே 13 செ.மீ. நகர்ந்துவிடுவார். கண்ணிலிருந்து காது வரையிலான தூரமே அதைவிட அதிகமில்லை. அசையாமல் நிற்கச் சொன்னாலும் உடம்பு ஒன்றிரண்டு செ.மீ. முன்னும் பின்னும் ஆடத்தான் செய்யும், கேமராவைப் பிடித்திருக்கும் நீங்களும் ஆடுவீர்கள்.

இப்போது அந்த ஆட்டத்தை டெப்த் ஆஃப் ஃபீல்டோடு, அதாவது முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் ஆழத்தோடு, வைத்துப் பாருங்கள், பிரச்சினை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும். 85 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 1 மீட்டருக்கு நெருங்கிப் போனால் ஒன்றரை செ.மீ.கூட வராது. தூரம் பாதியானால் ஆழம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். இந்தக் கணக்குகூட தாராளமான கணக்கு. மங்கல் வட்டம் 0.03 மி.மீ. வரை இருந்தாலும் தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும் பழைய அளவுகோல் இது, சாதாரண அளவில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்ப்பதற்காக வைத்தது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.006 மி.மீ. 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவர் அதைவிட ஐந்து மடங்கு கண்டிப்பான அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் 2 மீட்டரிலும் உண்மையாகத் தெளிவாக இருப்பது ஒரு செ.மீ. சொச்சம்தான். இமை தெளிவு, கருவிழி லேசாக மங்கல் என்பது அங்கே இயல்பு. அதனால் முகமே படத்தை நிறைக்கும் அளவு நெருங்கினால் எஃப்/2.8-க்கோ எஃப்/4-க்கோ மூடுங்கள் (எண் கூடினால் லென்ஸின் திறப்பு சிறிதாகும், தெளிவான ஆழம் கூடும்). பின்னணி எப்படியும் கரைந்துவிடும், அதற்கு நெருக்கமே போதும்.

ஏஎஃப்-சி வைத்த பிறகும் தவறுகிறது என்றால் ப்ரையாரிட்டி செட்டிங்கைப் பாருங்கள். பலர் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஏஎஃப்-சியில் ஷட்டரை முழுதாக அழுத்தியதும் கேமரா என்ன செய்ய வேண்டும் என்று இது தீர்மானிக்கிறது. ரிலீஸ் என்று இருந்தால் ஃபோகஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும் உடனே எடுத்துவிடும். ஃபோகஸ் என்று இருந்தால் ஆகும்வரை காத்திருக்கும். நிக்கானில் ஏஎஃப்-சிக்கு வழக்கமாக ரிலீஸ்தான் வைத்து வருகிறது, சோனியில் இரண்டுக்கும் நடுவான ஒன்று. நிதானமாக எடுக்கும் போர்ட்ரெய்ட் என்றால் ஃபோகஸுக்கு மாற்றிப் பாருங்கள். படம் எடுக்க ஒரு கணம் தாமதமாகும், ஆனால் கெட்டுப்போகும் படங்கள் குறையும். எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒரு பழக்கம் வேண்டும்: பாதி அழுத்தி, அரை நொடி பொறுத்து, பிறகு முழுதாக அழுத்துங்கள். ஃபோகஸ் பிடித்த பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேமை மாற்றும் பழைய வழக்கத்தை ஏஎஃப்-சியில் விட்டுவிடலாம், கண் எங்கே போனாலும் பெட்டி கூடவே போகும்.

அடுத்தது ஏஎஃப் ஏரியா. கண் கண்டறிதலை ஆன் செய்தால் போதும், கேமரா ஃப்ரேம் முழுக்கத் தேடும் என்று நினைத்துவிடுகிறோம். எல்லா மாடலிலும் அப்படி இல்லை. சில கேமராக்களில் ஏரியாவைச் சின்னப் புள்ளியில் வைத்திருந்தால் கண் கண்டறிதல் வேலையே செய்யாது, சிலவற்றில் அந்தப் புள்ளி முகத்தின் மேல் இருந்தால் மட்டும் செய்யும். நிக்கான் இசட்6, இசட்7-க்கு 2019 மே மாதம் வந்த ஃபர்ம்வேரில்தான் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) ஐ ஏஎஃப் வந்தது, அதுவும் ஆட்டோ ஏரியாவில் மட்டும். மனிதர்களுக்கான வைட் ஏரியா அடுத்த தலைமுறையான இசட்6 II, இசட்7 II-இல் வந்தது. சோனி ஏ7 III-இல் முதலில் ஐ ஏஎஃப்புக்குத் தனி பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, 2019 ஏப்ரலில் வந்த 3.00 ஃபர்ம்வேருக்குப் பிறகுதான் ஷட்டரைப் பாதி அழுத்தினாலே போதும் என்றானது. ஆகவே வாங்கியபடியே வைத்திருக்கும் பழைய கேமரா, அல்லது கைமாறி வாங்கியது என்றால், எந்த ஃபர்ம்வேர் இருக்கிறது என்பதைப் பார்ப்பது கட்டாயம். மற்றபடி ஆள் ஒருவர் மட்டும் என்றால் ஏரியாவை அகலமாக வையுங்கள், கூட்டம் என்றால் சுருக்குங்கள்.

அதே மெனுவில் இன்னும் சில சின்ன விஷயங்கள் உண்டு. எதைத் தேட வேண்டும் என்ற இடத்தில் விலங்கு அல்லது பறவை என்று இருந்தால் மனிதக் கண்ணை அது சரியாகக் கவனிக்காது, முன்பு யாராவது நாயைப் படமெடுக்க மாற்றிவிட்டு மறந்திருக்கலாம். ஃபுஜிஃபில்மின் புதிய மாடல்களில் விலங்கு, வாகனம் போன்றவற்றைக் கண்டறியும் வசதியை ஆன் செய்தால் முகம் கண்டறிதல் தானாக ஆஃப் ஆகிவிடும், இரண்டும் ஒன்றாக இயங்காது. வலது கண், இடது கண், ஆட்டோ என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் வலது என்பது எடுக்கப்படுபவரின் வலது. யாரோ அங்கே மாற்றி வைத்திருந்தால், ஆள் முகத்தைத் திருப்பி நிற்கும்போது தூரத்துக் கண்ணில் ஃபோகஸ் போகும், அருகில் இருக்கும் கண் மங்கும். ஆட்டோவில் வையுங்கள்.

அப்புறம் டச் ஸ்க்ரீன். வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கும்போது பின்திரையைத் தொட்டு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் வசதி ஆனில் இருந்தால், உங்கள் மூக்கு திரையில் பட்டே புள்ளி ஓரத்துக்குப் போய்விடும். காரணமே இல்லாமல் ஃபோகஸ் புள்ளி தாவுகிறது என்பவர்கள் முதலில் இதை ஆஃப் செய்து பார்க்கலாம். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம் நடக்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம், உள்ளரங்கில் பெட்டி வந்து வந்து போவதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்திலும் ஃபோகஸ் செய்யும் என்று மைனஸ் ஈவி (வெளிச்சத்தின் அளவு) எண்களில் விளம்பரம் வரும். அந்த எண் இரண்டாவது வேலைக்கு, அதாவது தூரம் அளப்பதற்கு, எஃப்/2 போன்ற அகலத் திறப்பில் சொல்லப்படுவது. முகத்தைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. முகம் கண்டறிதல் என்பது அடிப்படையில் வெளிச்ச வேறுபாட்டின் அமைப்பை அடையாளம் காண்பது. 2001-இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் இருவரும் வெளியிட்ட முறை இதைத் தெளிவாகக் காட்டும்: கண் பகுதி கன்னத்தைவிட இருட்டு, இரு கண்களுக்கும் நடுவே மூக்குத்தண்டு அவற்றைவிட வெளிச்சம், இப்படிச் சின்னச் சின்ன ஒப்பீடுகளை வேகமாக அடுக்கியே அது முகத்தைப் பிடித்தது. 2005-இல் நிக்கான் கூல்பிக்ஸ் 7900 போன்ற சிறிய கேமராக்களில் முகத்துக்கு முன்னுரிமை தரும் ஃபோகஸ் வந்துவிட்டது. இப்போதைய கேமராக்கள் எண்ணற்ற படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த மாதிரிகளைப் பயன்படுத்துகின்றன, திரும்பிய முகம், முகக்கவசம் எல்லாம் ஓரளவு சமாளிக்கின்றன. இருந்தாலும் கண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் இடையே வேறுபாடு சென்சாருக்குத் தெரிந்தால்தான் எந்த முறையும் வேலை செய்யும்.

அதனால்தான் உச்சி விளக்கு மட்டும் எரியும் அறையில் கண்குழி முழுவதும் நிழலாகி, கண் காணாமல் போகிறது. அகன்ற தொப்பி, நெற்றியில் விழும் முடி, முதுகுக்குப் பின் ஜன்னல், எல்லாம் இதே கதை. கருமையான நிறமுள்ளவரை மங்கிய வெளிச்சத்தில் எடுக்கும்போது கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழும்படி விளக்கையோ வெள்ளை அட்டையையோ முன்பக்கம் வைத்தால் கண்டறிதல் உடனே நிலைப்படும், படமும் அழகாகும். ஆளை ஜன்னலை நோக்கி கால்வட்டம் திருப்புவது எந்த மெனு மாற்றத்தையும்விட அதிகம் உதவும். எதிர்வெளிச்சத்தில் லென்ஸுக்குள் வெளிச்சம் நேராக விழுந்து படம் வெளிறினால் ஹூட் போடுங்கள், அல்லது கையால் மறையுங்கள்.

ஃபோகஸுக்கு உதவும் அந்தச் சின்ன ஏஎஃப் விளக்கு பல கேமராக்களில் ஏஎஃப்-எஸ்-இல் மட்டும்தான் எரியும், ஏஎஃப்-சியில் எரியாது. மிக இருட்டான இடத்தில் ஏஎஃப்-எஸ்-க்கு மாறுவது நியாயமாகும் ஒரே இடம் அநேகமாக இதுதான். எல்ஈடி விளக்குகளின் சிமிட்டலால் திரையில் பட்டைபட்டையாக ஓடினால் கண்டறிதலும் தடுமாறும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டரை 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/125 என்று வைத்துப் பாருங்கள்.

ஸ்டுடியோ ஃபிளாஷோடு எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். எஃப்/8, 1/160, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் ஃபிளாஷ் இல்லாத நேரத்தில் திரை கன்னங்கரேல் என்று இருக்கும். எக்ஸ்போஷரைத் திரையில் காட்டும் செட்டிங்கை ஆஃப் செய்தால் திரை வெளிச்சமாகும். ஆனால் சில கேமராக்கள் நீங்கள் வைத்த எஃப்/8 திறப்பிலேயே லென்ஸை மூடி வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்யும், அப்போது சென்சாருக்கு வரும் வெளிச்சம் எஃப்/2-இல் வருவதில் பதினாறில் ஒரு பங்குதான். ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் மாடலிங் விளக்கை முழு அளவுக்கு ஏற்றுவது, அல்லது அறை விளக்கைப் போட்டுவிடுவது, இதற்கு நேரான தீர்வு. அந்த ஷட்டர் வேகத்தில் அறை விளக்கு படத்தில் தெரியவே தெரியாது.

கண்ணாடி அணிந்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேமரா கண்ணைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் தூரம் அளக்கும்போது அங்கே மிக வலுவான கோடு கண்ணாடி ஃப்ரேமின் விளிம்புதான், அல்லது கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஜன்னல். ஃபோகஸ் அதில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரேம் கண்ணுக்கு ஓரிரு செ.மீ. முன்னால் இருப்பதால் எஃப்/1.8-இல் கண் மங்கிவிடும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள், எஃப்/4 வையுங்கள். நெற்றி முடி கண்ணுக்கு முன்னால் விழும்போதும் இதேதான்.

குழுப் படத்தில் கேமரா பொதுவாகப் பெரிய முகத்தை, அருகில் உள்ள முகத்தை, அல்லது நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும், ஆனால் பக்கவாட்டில் திரும்பிய முன்வரிசைக்காரரைவிட நேராகப் பார்க்கும் பின்வரிசைக்காரர் அதற்கு எளிது. உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டிய படம், சட்டையில் அச்சிட்ட முகம், சிலை, இவையும் முகமாகவே தெரியும். இரண்டு வரிசைக்கு மேல் நின்றால் நான் கண் கண்டறிதலை ஆஃப் செய்துவிட்டு, ஒரு சின்னப் புள்ளியை முன்வரிசை ஆளின் முகத்தில் வைத்து, எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் எடுப்பேன். ஒரே ஆளைக் கூட்டத்தில் தொடர வேண்டும் என்றால் முகத்தைப் பதிந்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சோனியின் பல மாடல்களில் 8 முகங்கள் வரை பதியலாம். பதிந்ததை வேலை முடிந்ததும் அழிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நிகழ்ச்சியில் அந்த முகத்துக்கே முன்னுரிமை கிடைக்கும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை போதும். வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம், லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுப்பது) பத்துப் படம், அதே ஆள், அதே தூரம். லைவ் வியூவில் சரியாக வந்து வியூஃபைண்டரில் ஒரே பக்கமாகத் தவறினால், தனியாக இருக்கும் ஏஎஃப் சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஒத்துவரவில்லை, ஏஎஃப் ஃபைன் ட்யூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டில் சரிசெய்யலாம். மிரர்லெஸ்ஸில் படம் எடுக்கும் சென்சாரே தூரத்தையும் அளப்பதால் இந்த வகைப் பிழை பொதுவாக வராது.

வீடியோவில் சில மாடல்கள் அதிக ஃப்ரேம் ரேட்டிலோ டிஜிட்டல் ஜூமிலோ முகம் கண்டறிதலை நிறுத்திவிடும். கையேட்டின் அடிக்குறிப்பில்தான் அது இருக்கும். பின்னணி துடிப்பது போல முன்னும் பின்னும் மங்கித் தெளிந்தால், அது பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் முறையில், அதாவது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவான இடத்தைத் தேடி, ஃபோகஸ் செய்யும் கேமரா. பானாசோனிக்கின் லூமிக்ஸ் எஸ் வரிசையில் 2023-இல் வந்த எஸ்5 II-இல்தான் தூரத்தை நேரடியாக அளக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் (phase detection, முகம் கண்டறிதல் அல்ல) முறை வந்தது, அதற்கு முந்தையவற்றில் ஏஎஃப் வேகத்தைக் குறைத்தால் துடிப்பு கொஞ்சம் அடங்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் பழுதைச் சந்தேகிக்கலாம். முதலில் லென்ஸின் பின்பக்க உலோகத் தொடர்புகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், லென்ஸுக்கும் ஃபர்ம்வேர் உண்டு, அதையும் புதுப்பியுங்கள், அடாப்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு நேரடி லென்ஸில் பாருங்கள். பிறகு கேமராவை ரீசெட் செய்து முக்காலியில் வைத்து, பகல் வெளிச்சத்தில், 2 மீட்டரில் ஒரு முகத்தின் பெரிய அச்சுப் படத்தை நிறுத்துங்கள். அச்சிட்ட முகத்தையும் கேமரா முகமாகவே எடுத்துக்கொள்ளும், அது ஆடாது. அதை ஒட்டி ஒரு அளவுகோலை, படத்தின் தளத்துக்கு முன்னும் பின்னும் போகும்படி சாய்த்து வையுங்கள். லென்ஸை முழுவதும் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வேறெங்காவது ஃபோகஸைத் தள்ளிவிட்டு, ஏஎஃப்-எஸ்-இல் பத்து, ஏஎஃப்-சியில் பத்து எடுங்கள். பத்தும் முன்னால், அல்லது பத்தும் பின்னால் என்றால் லென்ஸைச் சந்தேகியுங்கள். ஒன்று முன்னால் ஒன்று பின்னால் என்று சிதறினால் வேறொரு லென்ஸை மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள், சிதறல் தொடர்ந்தால் கேமரா, நின்றால் லென்ஸ். இருபது படங்களையும் திருத்தாமல், எடுத்த விவரங்களோடு சர்வீஸுக்குச் சேர்த்து அனுப்புங்கள், எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்கு உடனே தெரியும். இருபதும் அளவுகோலில் சரியான இடத்தில் விழுந்தால் கேமராவும் லென்ஸும் நலமாக இருக்கின்றன, மேலே சொன்ன ப்ரையாரிட்டி, ஏரியா, வெளிச்சம் மூன்றையும் அந்த வரிசையில் மறுபடி பாருங்கள்.